பிறவியிலேயே ஓட்டையாம்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்குக் கறிக் கூறில் ஈரல் இல்லை. ஆடு பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் வேந்தன் நேற்று வாணியம்பாடி வரைக்கும் போய், பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து வாங்கி வந்தது. தோல் பதனிடுகிற டேனரியில் வாரம் பூரா சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ராஜாங்கம். விடிந்ததும் எங்கள் வீட்டுப் பின்னால் அறுப்பு, சர்ச்சுக்கு மணி அடிப்பதற்குள் தெருவுக்கே இலையில் கூறு.

வயிற்றைத் திறந்தால் ஈரல் முழுக்க நீர்க்கொப்புளம். சின்னதும் பெரியதுமாக, திராட்சை மாதிரி. அப்படி அடிக்கடி வரும். யாரும் வாங்க மாட்டார்கள். இவர் வழக்கம்போல வெட்டி நாய்களுக்கு வீசினார். அவை அதை என் கொத்தமல்லிப் பாத்தி மேலேயே இழுத்துப் போட்டுத் தின்றன. தெருவுக்கு அந்தப் பக்கம் போடக்கூடாதா என்று கத்தினேன். வாயில்லா ஜீவன் ஒரு வாய் தின்னட்டுமே, உனக்கு இன்னா போச்சு என்றார். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சிரித்தாள். உன் வீட்டுக்காரருக்கு இளகின மனசு, உனக்குத்தான் கோவம் ஜாஸ்தி என்றாள்.

கத்தினதிலேயே மூச்சு வாங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெறும் வாயு, கேஸ் என்றார் இவர். பெருங்காயத் தண்ணி குடித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

ஷூ கம்பெனி லைனில் நிற்கும்போதே கண் இருட்டியது. கையில் இருந்த ஷூ அப்பர் தோல் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. குர்ஷித்தான் பிடித்துக்கொண்டாள். நானும் அவளும் ஒரே டேபிளில் செக்கிங். தையல் கோணலா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே எங்கள் கண் போகிறது.

கம்பெனி நர்ஸ் உப்புச் சர்க்கரைத் தண்ணி கொடுத்து, ரத்தம் கம்மி என்றாள். ரத்தத்தைப் பார்க்காமலேயே.

பிப்ரவரி 17, திங்கள்

படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ தையல் மெஷின் ஓட்டுகிறார்கள். இறங்கினாலும்தான்.

பிப்ரவரி 26, புதன்

பாத்ரூமில் விழுந்துவிட்டேன். மகள் ஜெமிமா பார்த்துப் பயந்து, தெருவே கேட்கிற மாதிரி அழுதிருக்கிறாள். மூணாவது படிக்கிற பிள்ளை, வேறென்ன செய்யும்.

இவர் பஜார் டாக்டரிடம் கூட்டிப் போனார். இ.சி.ஜி. எடுத்தார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கு, பரவாயில்லை என்றார் டாக்டர். வீட்டில் ஏதாவது டென்ஷனா என்று கேட்டார். கேட்டது என்னிடம். பதில் சொன்னது இவர். "சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்துடும் சார் இவளுக்கு." ரெண்டு பேரும் சிரித்தார்கள். தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

என் கோபத்துக்கு மாத்திரை. நல்லா இருக்கு.

மார்ச் 5, புதன்

குர்ஷித் விடவில்லை. அவள் நாத்தனாருக்கு வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் வால்வு மாற்றினார்களாம். லீவு போட்டுவிட்டுக் கிளம்பு, உன் புருஷன் வரலைன்னா நான் வர்றேன் என்றாள். அதைக் கேட்டதும் இவர் தானே வருவதாகச் சொல்லிவிட்டார். இன்றைக்குப் போனோம்.

நெஞ்சில் ஜெல் தடவி எக்கோ பார்த்த பெண் முதலில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைங்க. திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. ஒரே இடத்திலேயே கருவியை வைத்து அழுத்தினாள். வெளியே போய் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் போய் இன்னொருவரை. எனக்கு மேலே எல்லாரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை ரேர்.

இதயத்தில் ஏதோ கட்டி மாதிரி இருக்கிறதாம். இன்னும் டெஸ்ட் எடுக்கணுமாம். கேஸ் இல்லை. கோபமும் இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

புழு.

எழுதவே கை கூசுது. கேன்சராக இருக்குமோ என்று ஆறு நாளாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். கேன்சர் இல்லையாம், ஸ்தோத்திரம். புழுவாம்.

சின்ன வயசு லேடி டாக்டர். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினாள். நாய் வயிற்றில் ஒரு நாடாப்புழு இருக்கும். அது முட்டை போட்டால் நாய் மலத்தோடு வெளியே வரும், மண்ணில் கலக்கும், கீரையில் ஒட்டும், நாயின் முடியில் கூட இருக்கும். அது ஆட்டுக்குள் போனால் ஈரலில் நீர்க்கொப்புளம். அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடி புழு. நடுவில் மனுஷன் வாய்க்குள் போனால் மனுஷனுக்குள்ளேயும் அதே கொப்புளம். சாதாரணமாக ஈரலில் தங்கும், நுரையீரலில் தங்கும். இதயச் சதைக்குள் போய் உட்காருவது ரொம்ப அபூர்வமாம். அதனால்தான் காலையிலிருந்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறந்ததிலிருந்து யாரும் என்னை அபூர்வம் என்று சொன்னதில்லை.

வீட்டில் நாய் வளர்க்கிறீங்களா என்று டாக்டர் கேட்டாள். இல்ல மேடம் என்றார் வேந்தன். வளர்க்கலையாம். வாசலில் படுத்துக் கிடக்கிற கருப்பன் யார் வளர்த்த நாய்? ஜெமிமா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர் கையைப் பார்த்து அது வாலை ஆட்டுகிறது, ஆனா நாங்க நாய் வளர்க்கலை. நான் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூறு, கொப்புளம் வந்த ஈரல், என் கொத்தமல்லிப் பாத்தி, எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் எல்லாத்தையும் எழுதிக்கொண்டாள். அப்புறம் இனிமேல் அப்படிப் போடாதீங்க, ஆழமாகப் புதைங்க, இல்லை நல்லா வேகவைங்க, குழந்தையையும் கூட்டி வாங்க, ஸ்கேன் பார்க்கணும் என்றாள். தெருவிலும் சொல்லுங்க, மற்ற பிள்ளைகளுக்கும் இருக்கலாம் என்றாள்.

எப்போ உள்ளே போச்சு என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். பல வருஷமாக மெதுவாக வளருமாம். கல்யாணத்துக்கு முன்னாடியே கூட இருந்திருக்கலாமாம். மறுபடி கேட்டேன். மறுபடி அதையேதான் சொன்னாள். இவர் மேல் முழுசாகப் பழி போடக்கூட எனக்கு வழியில்லை.

ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, கொப்புளம் உடையாமல் எடுக்கணும். உள்ளேயே உடைந்தால் அந்த நிமிஷமே உயிர் போகலாம்.

பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னாடி போய் உட்கார்ந்துகொண்டார். பள்ளிகொண்டா தாண்டினதும் எழுந்து வந்தார். "அத்தனை பேரு எதிர்ல என்னைக் கொலைகாரன் ஆக்கிட்ட." அவ்வளவுதான் பேசினார். செத்துப் போகப் போறவ நான். மானம் போச்சுன்னு அவனுக்கு அழுகை.

அவன்னுதான் எழுதுவேன். இங்கே கேட்க யாரும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கும் அறுத்தான். நான் உள்ளேயே படுத்திருந்தேன்.

பூவம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, பாவம், பொறந்தப்பவே உங்க அம்மா கவனிச்சிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா என்றாள். எதைக் கவனிக்கணும் என்றேன். அதான் இதயத்துல ஓட்டை, பிறவியிலேயே இருந்துச்சாமே என்றாள். உன் வீட்டுக்காரர், வேந்தன் தம்பிதான் சொல்லிச்சு என்றாள்.

தெரு பூரா சொல்லி வைத்திருக்கிறான். பிறவியிலேயே ஓட்டையாம். எங்க அம்மா வீட்டிலிருந்தே பழுதோட வந்தவளாம் நான். செத்துப்போன எங்க அம்மா மேலேயும் பழி.

சாயங்காலம் கேட்டேன். கத்தக்கூட தெம்பு இல்லை, சும்மாதான் கேட்டேன். அவனும் மெதுவாகத்தான் சொன்னான். "புழுன்னு சொன்னா நாளைக்கு எவன் என் கையால கறி வாங்குவான்? தெருவுல எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான் ஜாஸ்மின்." பொய் சொல்கிற முகம் இல்லை அது. நெஜமாவே கெஞ்சுற முகம். அதான் எனக்கு ஜாஸ்தி எரிஞ்சுது.

அப்போ அந்த ஈரலையாவது புதைக்கலாமே என்றேன். திடீர்னு புதைச்சா ஏன்னு கேப்பாங்களே என்றான்.

மார்ச் 23, ஞாயிறு

சர்ச்சில் இன்றைக்கு எனக்காக விசேஷ ஜெபம். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தாவே, உமது மகளின் இருதயத்தில் பிறவியிலேயே உள்ள ஓட்டையை நீரே அடைத்தருளும் என்று ஆரம்பித்தார். கர்த்தருக்கே தப்பான தகவல்.

ஆமென் சொல்வதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். ஓட்டை இல்லை பாஸ்டர், புழு என்றேன். ஆட்டு ஈரலில் வருகிற அதே நீர்க்கொப்புளம், அதை நாய்க்குப் போடக்கூடாது, பிள்ளைங்களை ஸ்கேன் பண்ணுங்க, ஆஸ்பத்திரியிலேயே சொன்னாங்க என்றேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னேன். பாதி வார்த்தை வந்திருக்காது.

எல்லாரும் வேந்தனைத்தான் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டே எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். ஆபரேஷன் பயம் பாஸ்டர், ராத்திரி எல்லாம் தூங்கறதில்ல, என்னென்னவோ பேசறா என்றான். அவ்வளவு அன்பா சொன்னான். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கா அவனுக்கா தெரியலை. அவனுக்குத்தான்.

கோபக்காரி சொன்னா எவன் நம்புவான். நான் நல்ல பேர் வாங்கி வைக்காம போய்ட்டேன்.

மார்ச் 26, புதன்

நம்பவில்லை என்றா நினைத்தேன்? பாதி நம்பியிருக்கிறார்கள். நாய் விஷயத்தை விட்டுவிட்டார்கள், புழுவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பூவம்மாள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறாள். தண்ணி வேணுமா என்றால் இப்போதான் குடிச்சேன் என்கிறாள். எதிர்வீட்டுப் பிள்ளையை ஜெமிமாவோடு விளையாட விடுவதில்லை. இது ஒட்டுவாரொட்டி இல்லை, டாக்டரே சொன்னாங்க என்று வாசலில் நின்று சொன்னேன். ஆமா ஆமா என்றார்கள்.

கருப்பன் மட்டும் எல்லா வீட்டு வாசலுக்கும் போய் வருது. அதை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

நோன்பு திறந்துவிட்டு ராத்திரி குர்ஷித் வந்தாள். பிரியாணி கொண்டு வந்து, என் தட்டிலேயே என்னோடு உட்கார்ந்து தின்றாள். வாயில் போட்டுக்கொண்டே, உன் புருஷன் மோசமானவன் இல்லடி, பயந்தாங்கொள்ளி என்றாள். ரெண்டுக்கும் எனக்கு இன்னா வித்தியாசம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்ததில் நெஞ்சு வலித்தது.

ஏப்ரல் 2, புதன்

ஜெமிமாவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகலாம் என்றேன். பச்சப்புள்ளையை எதுக்குப் பயமுறுத்தணும், உன் ஆபரேஷன் முடியட்டும் என்றான். அவளுக்குப் பயம் இல்லை. ஸ்கேனில் ஏதாவது வந்துவிட்டால் அவன் சொன்ன ஓட்டைக் கதை நிற்காது, அந்தப் பயம்.

ஏப்ரல் 7, திங்கள்

நாளைக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நெஞ்சில் மார்க்கர் கோடு போட்டிருக்கிறார்கள், எங்க கம்பெனியில் தோலில் போடுகிற மாதிரி.

சாவு பயம் இருக்கு. இல்லைன்னா பொய். ஆனா அதை விட ஜாஸ்தி ஒண்ணு இருக்கு. நான் செத்தா தெருவுல இன்னா சொல்வாங்க? பாவம், பிறவியிலேயே ஓட்டை. அதோட முடிஞ்சுது. அடுத்த ஞாயிறு அதே இடத்துல ஈரல் விழும். என் பொண்ணு அதே நாயைக் கட்டிப் புடிச்சுட்டு உட்காந்திருக்கும்.

சாயங்காலம் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எதையும் நான் கெஞ்சிக் கேட்டதில்லை. இன்னைக்குக் கெஞ்சினேன்: ஊருக்குப் போனதும் தெருவில் உண்மையைச் சொல்லுங்க, ஒரே ஒரு வீட்டிலாவது சொல்லுங்க, அது போதும் என்றேன். என் தலையைத் தடவினான். அழுதான். நீ நல்லபடியா வா, அப்புறம் பாத்துக்கலாம் என்றான்.

இந்த அப்புறம் எனக்கு இருக்கான்னு யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

இருக்கேன். இன்னும் ஆஸ்பத்திரியில்தான்.

மே 11, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகிறது. கொப்புளத்தை உடையாமல் எடுத்துவிட்டார்களாம். மாத்திரை மாசக்கணக்கில் போடணும். இருமினால் நெஞ்செலும்பு பிளக்கிற மாதிரி இருக்கிறது. தலையணையை அணைத்துக்கொண்டு இருமுகிறேன்.

ஒன்று சொல்லணும். அவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். டேனரிக்கு லீவு போட்டுவிட்டு எனக்குத் தலை வாருகிறார், முதுகு துடைத்துவிடுகிறார், புளிக் குழம்பு கூட வைக்கிறார். முகம் சுளிப்பதே இல்லை. வருகிறவர்கள் எல்லாரும், இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்கிறார்கள். தலையை ஆட்டுகிறேன். நல்ல மனுஷனை வெறுக்கிறது ரொம்ப சிரமமான வேலை. யாரும் கூடச் சேர மாட்டார்கள்.

இன்றைக்கும் பின்னால் கூறு போட்டார்கள். நாய்கள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. கேட்டேன், ஈரல் எப்படி இருந்துது என்று. நல்லா இருந்துச்சு, எல்லாருக்கும் குடுத்துட்டேன் என்றார். அப்படியென்றால் நாய்கள் எதுக்கு அடித்துக்கொண்டன?

ஸ்கேன் எப்போது என்றேன். ஸ்கூல் திறக்கட்டும் என்றார். முழு லீவில் போகாமல், ஸ்கூல் திறந்ததுக்கு அப்புறம் லீவு போட்டுக் கூட்டிப் போகிறவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 16, திங்கள்

நாளைக்கு நானே கூட்டிப் போகிறேன். குர்ஷித் அண்ணன் ஆட்டோ. வேந்தனிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 18, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

ஜெமிமாவுக்கும் இருக்கு. இதயத்தில் இல்லை, ஈரலில். சின்னதுதான், ஒண்ணே ஒண்ணுதான். நல்ல நேரத்தில் கூட்டி வந்தீங்க, மாத்திரையிலேயே சுருங்கிடும், நாங்க பார்த்துக்கறோம் என்று அந்த லேடி டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நம்புகிறேன். குர்ஷித் ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் துவா ஓதிக்கொண்டே வந்தாள். ஜெமிமா ஜன்னல் இல்லாத ஆட்டோவில் காத்து வாங்கிக்கொண்டு, சமோசா வேணும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறான். சொல்லாம எங்க போனீங்க என்று ஆரம்பித்தான். சொன்னேன். ரெண்டே வார்த்தையில் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜெமிமாவை இழுத்து வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தான், கைக்குத் தட்டுப்படுமா என்று. அவளுக்குக் கூச்சமாகிச் சிரித்தாள்.

எழுந்து, செருப்புக் கூடப் போடாமல் வெளியே போனான். எங்க போறான்னு நினைச்சேன். பூவம்மாள் வீட்டுக்கு. எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான், எல்லாம் கேட்கும்.

"அக்கா, உங்க பேரப்பசங்களை ஸ்கேன் எடுங்க. என் பொண்ணுக்கு ஈரல்ல புழுக்கட்டி வந்துருக்கு. ஜாஸ்மினுக்கும் அதேதான். ஓட்டை கீட்டை ஒண்ணும் கிடையாது, நான்தான் பொய் சொன்னேன். நான் நாய்க்குப் போட்ட ஈரலாலதான் எல்லாம்."

அப்புறம் அடுத்த வீடு. அதே பேச்சு. அதுக்கப்புறம் எதிர்வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்னு அதையே சொன்னான், குரல் கட்டிப்போச்சு. ஒரு வீட்டில் எவனோ கெட்ட வார்த்தையில் திட்டினான், இத்தனை மாசம் எங்க பிள்ளைங்களுக்குத் தெரியாம மறைச்சியாடான்னு.  இவன் அடுத்த வாசலுக்குப் போனான். தெருக்கோடி வரைக்கும் போயிருப்பான், அதுக்கு மேல எனக்குக் கேட்கலை.

நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இதைத்தானே கேட்டேன். மார்ச்சில் கேட்டேன். நெஞ்சைப் பிளக்கறதுக்கு முந்தின நாள் கையைப் பிடிச்சுக் கேட்டேன், ஒரே ஒரு வீடுன்னு கேட்டேன். அப்போ வராத வாய் பொண்ணுக்குன்னதும் சாயங்காலமே வந்துடுச்சு. தெருவுல மானம் போச்சு, கூறு போச்சு, எதுவும் அவனுக்குப் பெரிசா தெரியலை. ஜெமிமாவுக்கு அப்பன்னா அப்படித்தான் இருக்கணும். சந்தோஷம்தான் எனக்கு. ஆனா நான் அன்னிக்கு ஆபரேஷன் டேபிள்லயே செத்துப் போயிருந்தா, பிறவி ஓட்டையோடதான் என்னைப் புதைச்சிருப்பான்.

இருட்டினதுக்கு அப்புறம் திரும்பி வந்தான். கால் பூரா புழுதி. கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். "சொல்லிட்டேன் ஜாஸ்மின்" என்றான். எனக்காகப் போய் வந்த மாதிரி சொன்னான்.

தெரியும். யாருக்காகன்னும் தெரியும். சரி, சாப்பிட வாங்க என்றேன்.